பென்சிலுக்கு முன்னால் காது

அந்த நோட்டின் மூன்றாவது பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ‘அ’ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் கிழிந்துபோயிருந்தது. முதல் வரியில் ஆசிரியை சிவப்பு மையில் போட்டுக்கொடுத்த ‘அ’. அதற்குக் கீழே, கோட்டை விட்டுச் சரிந்து விழுந்த ஏழெட்டு எழுத்துகள். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தாய் அந்த நோட்டை என் மேசைமேல் வைத்தார். “ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்கார வச்சேன் டீச்சர். அவளும் அழுதா, நானும் அழுதேன். இவளுக்கு ஏதாவது குறை இருக்குமோ?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம்.

நான் நோட்டை மூடிவிட்டு, “இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்ட, கண்ணு?” என்று கேட்டேன். இட்லி சாப்பிட்டதும், சட்னியில் மிளகாய் வந்ததும், அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியதும், அதை ஒரு காக்கா தூக்கிப்போனதும், காக்காவுக்கு நாக்கு எரியுமா என்று பாட்டியிடம் கேட்டதுமாக மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ஒரு குறையும் இல்லாத பிள்ளை. வாசிக்கப் பழகுவதற்கு வேண்டிய முதல் கையிருப்பு அவளிடம் தாராளமாக இருந்தது. அது அந்த நோட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மழலையர் வகுப்பிலேயே என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. பெற்றோர்கள் கொண்டுவந்த கவலைகளில் பத்துக்கு ஒன்பது இந்த நோட்டைச் சுற்றியே இருந்தன. அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எழுத்து ஒரு பிள்ளையிடம் வந்து சேர ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காது, அடுத்து வாய், பிறகு கண், பிறகு விரல், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பென்சில். கடைசியில் வரவேண்டியதை முன்னால் இழுத்துப் போடுவதால்தான் இத்தனை அழுகையும்.

‘அ’ எழுத வராததற்குக் காரணம்

எழுத்தை அறிவது வேறு, எழுத்தை எழுதுவது வேறு. முன்னது காதும் கண்ணும் சம்பந்தப்பட்டது. பின்னது கை சம்பந்தப்பட்டது. இரண்டும் ஒரே நாளில் பழுப்பதில்லை.

நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான். ஆண்டுக்கு ஒன்று என்கிற மாதிரி ஒவ்வொன்றாக இறுகிவருகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஏறக்குறைய ஒன்பது பத்து வயதாகிவிடும். விரல் நுனிகளின் பலமும் அப்படிப் படிப்படியாக வருவதுதான். படம் பார்த்து வரைவதிலும் ஒரு வரிசையைக் குழந்தை மருத்துவர்கள் கவனிப்பார்கள். சுமாராக 3 வயதில் வட்டம் போட வரும். 4 வயதில் கூட்டல் குறி வரும். நாலரை வயதை ஒட்டிச் சதுரம், 5 வயதில் முக்கோணம். இவற்றில் சில மாதங்கள் முன்பின் இருப்பது சகஜம்.

இப்போது ‘அ’வைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, குறுக்கே ஒரு கோடு, நிமிர்ந்து நிற்கும் இன்னொரு கோடு. கூட்டல் குறியே இப்போதுதான் கைக்கு வந்திருக்கும் பிள்ளையிடம் இதை ஒரு பக்கம் எழுதச் சொல்கிறோம். ‘இ’யும் ‘ஈ’யும் அதைவிடக் கடினம். அகரம் முதல் எழுத்து என்பது வரிசைக்குப் பொருந்தும், கைக்குப் பொருந்தாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் ‘ட’, ‘ப’, ‘ம’ என்று தொடங்குவது இதனால்தான். ‘ட’ என்றால் கீழ்நோக்கி ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. அதோடு மேல்நோக்கி ஒரு கோடு சேர்த்தால் ‘ப’. நேர்க்கோடு போடத் தெரிந்த பிள்ளைக்கு இது எட்டும் தூரம். ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றும் பிடிபட்டு, மேலே புள்ளி வைத்தால் ஓசை குறுகும் என்பதும் புரிந்துவிட்டால் ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று முழுச் சொல்லாகவே வாசித்துவிடலாம். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லை வாசித்த பிள்ளைக்கு, இருநூறு ‘அ’ எழுதிய பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. எழுத்து எதற்காக இருக்கிறது என்பது அதற்குப் புரிந்துவிடுகிறது.

“பென்சிலையே தொட மாட்டேங்கிறான்”

தொடவேண்டாம். வீட்டில் அதற்கு முன் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழை இழையாக விடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய பிடி ஏறக்குறைய அதேதான். வாசலில் நீங்கள் கோலம் போடும்போது ஓரத்தில் நாலு புள்ளி வைக்கப் பிள்ளையையும் விடுங்கள். பொடி சிந்தினால் பெருக்கிக்கொள்ளலாம். பச்சைப் பட்டாணி உரிப்பது, வேர்க்கடலைத் தோல் நீக்குவது, சப்பாத்தி மாவை உருட்டுவது, பல்லாங்குழியில் சோழி போடுவது, சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவது, சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுவது எல்லாமே கைக்கு எழுத்துப் பயிற்சிதான். நாலு வயதிலும் ஊட்டிவிட்டுக்கொண்டே, அந்தக் கை எழுதவில்லையே என்று வருத்தப்படுவது நியாயமில்லை.

பிறகு விரல் எழுத்து. தட்டில் பரப்பிய ரவை, மணல், ஈரத் தரை எதுவானாலும் சரி. விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில், பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அதை ஒருநாள் சடங்காக முடித்துவிட்டு மறுநாளே பென்சிலைத் திணித்துவிடுகிறோம். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மாதக்கணக்கில் மணலில்தான் விரலால் எழுதிப் பழகினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதியதைக் கண்டு தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. 1907இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகவே வழிசெய்தார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். விரல் எழுதிப் பழகியதைத்தான் பென்சில் பிறகு எழுதும்.

விரலுக்குப் பிறகு நேரடியாக மெல்லிய பென்சில் வேண்டாம். உடைந்த சாக்பீஸ் துண்டு, கட்டை கிரேயான், சிலேட்டுப் பலப்பம் போதும். துண்டு சின்னதாக இருந்தால் பிள்ளை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது, விரல் நுனியால் பிடித்தே தீரவேண்டும். மொட்டைமாடிச் சுவரில் தண்ணீரும் தூரிகையும் கொடுத்தால் எழுதியது தானே காய்ந்து மறையும். அழிக்கும் ரப்பரும் வேண்டாம், திட்டும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளை பலப்பத்தையோ சுவர்ச் சுண்ணாம்பையோ தொடர்ந்து தின்றால் அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். இரத்தச்சோகை இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

247 என்ற பயம்

“இங்கிலீஷ்ல 26தான் டீச்சர், தமிழ்ல 247 இருக்கே, எப்படிப் படிப்பான்?” என்று கேட்காத பெற்றோர் குறைவு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216 என்று கூட்டினால் 247 வரும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை 247 வடிவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. அகரமேறிய 18 எழுத்துகளையும், அவற்றோடு சேரும் கால், கொம்பு, கொக்கி போன்ற சில குறிகளையும் அறிந்தால் மிச்ச உயிர்மெய்யெல்லாம் அவற்றின் சேர்க்கைதான். ‘மா’ தெரிந்த பிள்ளைக்குப் ‘பா’வை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது தானே கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்பைத் தட்டிப்பறித்து, ‘க கா கி கீ’ அட்டவணையை ஒப்பிக்கவைப்பதுதான் சுமை.

சேர்க்கையிலும் எளிது, கடினம் உண்டு. ‘கா’, ‘கி’, ‘கீ’ வரிசை முதலில் வரும். ‘கு’, ‘டு’, ‘மு’, ‘லு’ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர வரிசை தாமதமாகும். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இவை நன்றாகத் தெரியவர 6, 7 வயதாகும். தமிழைப் போன்ற அமைப்புள்ள இந்திய எழுத்துகளைப் பிள்ளைகள் முழுதாகக் கைக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ‘ல’வும் ‘வ’வும், ‘எ’யும் ‘ஏ’யும், ‘ஒ’வும் ‘ஓ’வும் போல ஒன்றையொன்று ஒத்த எழுத்துகளை ஒரே வாரத்தில் சொல்லித்தராதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்தபிறகு அடுத்தது.

இன்னொன்று. ‘அ ஆ இ ஈ’ என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளை, தனியாக ‘ஈ’யைக் காட்டினால் விழிக்கும். இங்கிலீஷ் எழுத்துப் பாட்டில் ‘எல்எம்என்ஓபி’யை ஒரே எழுத்தென்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. பாட்டு காதுக்கு நல்லது. ஆனால் வரிசை தெரிந்ததை எழுத்து தெரிந்ததாக எண்ணிக்கொள்ளவேண்டாம். வரிசையைவிடப் பிள்ளைக்கு நெருக்கமானது அதன் பெயர். முதலில் அந்த எழுத்துகளைக் காட்டுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் பெயரை எழுதி ஒட்டுங்கள். என் வகுப்பில் எழுத்தையே பார்க்க மறுத்த பையன் ஒருவன், ஒருநாள் தன் பாட்டிலையும் சுவரில் தொங்கிய காலண்டரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “டீச்சர், என் ‘ம’ அங்க இருக்கு!” என்று கத்தினான். அன்றிலிருந்து வகுப்பில் இருந்த ‘ம’ அத்தனையும் அவனுடையதாகிவிட்டது.

தாத்தா பாட்டி சொல்லித்தரும் வீடுகளில் ஒரு சிறு குழப்பம் வரும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் படித்தவர்கள் ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவத்தில் எழுதுவார்கள். பிள்ளை குழம்பினால், “பாட்டி படிச்ச காலத்துல இப்படி எழுதுனாங்க” என்று சொன்னால் போதும். அதுவே பிள்ளைக்கு ஒரு நல்ல கதை.

காதுக்குப் பயிற்சி

சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்கலாம், மாற்றலாம் என்று காது உணரவேண்டும். இது இல்லாமல் எழுத்தைக் காட்டினால் அது வெறும் படமாக நின்றுவிடும். இதற்கு நோட்டும் வேண்டாம், காசும் வேண்டாம், தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம்.

காய்கறி நறுக்கும்போது கைதட்டி விளையாடுங்கள். தக்-கா-ளி, மூன்று தட்டு. கத்-த-ரிக்-காய், நாலு தட்டு. யா-னை, இரண்டு. பேருந்தில் போகும்போது, “‘க’ன்னு ஆரம்பிக்கிறது எதெல்லாம் தெரியுது?” என்று கேளுங்கள். கடை, கதவு, கண்ணாடி. தமிழ் இதற்கு மோனை என்றே பெயர் வைத்திருக்கிறது. பட்டம், வட்டம், கட்டம், சட்டம் என்று அடுக்கிச் சொல்லுங்கள். அது எதுகை. முதல் எழுத்து மட்டும் மாறுகிறது, பின்னால் எல்லாம் அப்படியே நிற்கிறது என்று காது பிடித்துக்கொண்ட பிள்ளை, பிறகு ‘பட்டம்’ என்று எழுதிக் காட்டியதும் ‘வட்ட’த்தையும் பிடித்துவிடும். நம் தாலாட்டும் விடுகதையும் கைவீசம்மா விளையாட்டும் செய்துவந்த வேலை இதுதான். ஆத்திசூடி எழுத்து வரிசையில் அமைந்ததும் காதின் வழியாக வரிசையை ஏற்றத்தான் உதவியது.

பிள்ளை ‘ழ’வையும் ‘ற’வையும் சரியாகச் சொல்லவில்லை என்று இப்போதே பதற வேண்டாம். 4 வயதில் ‘பழம்’ ‘பயம்’ ஆகத்தான் வரும். “தப்பு, திருப்பிச் சொல்லு” என்று நிறுத்தாமல், “ஆமா, வாழைப்பழம்தான், இனிப்பா இருக்கா?” என்று நீங்கள் சரியாகச் சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

புத்தகத் தமிழ் ஓர் அந்நிய ஊர்

இது நம் மொழிக்கே உரிய விஷயம், பெற்றோர் அதிகம் கவனிக்காத விஷயமும்கூட. பிள்ளை வீட்டில் கேட்பது “வீட்ல யாரும் இல்ல, எல்லாரும் போய்ட்டாங்க” என்ற தமிழ். புத்தகத்தில் இருப்பது “வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் சென்றுவிட்டார்கள்” என்ற தமிழ். எழுத்துக்கூட்டி வாசித்தாலும், வாசித்த சொல் காதுக்குப் பழக்கமில்லாததாக இருந்தால் பொருள் ஏறாது. வாசிக்கத் தெரிந்தும் புரியாமல் நிற்கும் பிள்ளைகளிடம் நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. தினமும் ஒரு கதையைப் புத்தகத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே வாசித்துக் காட்டவேண்டும். முதல்முறை பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்தமுறை புத்தகத் தமிழில் வாசிக்கலாம். மடியில் உட்காரவைத்து, படத்தை முதலில் பார்க்கவிடுங்கள். நடுவில் நிறுத்தி, “இப்ப இந்தப் பூனை என்ன பண்ணும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள், நாமே சொல்லிவிடக் கூடாது. எப்போதாவது விரலை வரிகளின்கீழ் ஓட்டுங்கள். இடமிருந்து வலம் என்பதும், சொற்களுக்கு இடைவெளி உண்டு என்பதும் அதிலேயே பதியும். ஒரே கதையை இருபதாவது முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும் கதையில்தான் பிள்ளை எழுத்தையும் ஒலியையும் பொருத்திப் பார்க்கிறது. புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை செய்தால் “பொய் வாசிப்பு” என்று சிரிக்காதீர்கள். வாசிப்பு அப்படித்தான் தொடங்கும்.

புத்தகத்துக்கு எங்கே போவது? சென்னையில் தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்களும், நேஷனல் புக் டிரஸ்டும் சிறு பிள்ளைகளுக்குத் தமிழில் படப் புத்தகங்கள் போட்டிருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே கைக்கு எட்டாவிட்டால் தினசரி காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, பால் பாக்கெட், பேருந்துப் பலகை போதும். தினம் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். எண்ணும் கிழமையும் பழகும், பின்பக்கம் படம் வரையவும் ஆகும்.

“எனக்கே படிக்கத் தெரியாது, நான் என்ன செய்வேன்?” என்று கேட்ட தாய்மார்கள் உண்டு. நீங்கள் செய்யமுடிந்தது ரொம்பப் பெரியது. உங்கள் ஊர்க் கதையை, உங்கள் பாட்டி சொன்ன கதையை, இன்று சந்தையில் நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளை சொல்வதை முழுதாகக் கேளுங்கள். படத்தைக் காட்டி இருவரும் சேர்ந்து கதை கட்டுங்கள். நிறையப் பேச்சைக் கேட்டு, நிறையப் பேசி வளர்ந்த பிள்ளை வாசிப்புக்குத் தயாராகத்தான் பள்ளிக்கு வருகிறது.

தமிழா, இங்கிலீஷா?

வீட்டில் எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்ச வருமோ, கோபிக்க வருமோ, கதை சொல்ல வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். பள்ளி இங்கிலீஷ் வழி என்பதற்காக, “கம் ஹியர், சிட் டவுன், ஈட் ஃபாஸ்ட்” என்று நாலு கட்டளைகளுக்குள் பிள்ளையின் உலகத்தைச் சுருக்கிவிடாதீர்கள். ஒரு மொழியில் வாசிப்பின் சூட்சுமம் பிடிபட்டால் அடுத்த மொழிக்கு அது கைகொடுக்கும். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அந்தச் சூட்சுமம் இங்கே எளிதில் பிடிபடும். ‘க’ என்ற எழுத்து ‘கடை’யில் ஒரு மாதிரியும் ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் வேறு மாதிரியும் ஒலிக்கும். அந்தச் சொற்களை முன்பே பேசிப் பழகிய பிள்ளைக்கு அது தடையாக இருக்காது. இங்கிலீஷில் ‘சி’ என்பது எழுத்தின் பெயர், ‘கேட்’ (பூனை) என்ற சொல்லில் அது தரும் ஒலி வேறு. ஆகவே இங்கிலீஷ் எழுத்துகளைச் சொல்லித்தரும்போது பெயரோடு ஒலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே உட்காரலில் இரண்டு மொழி எழுத்தையும் கலக்கவேண்டாம்.

தலைகீழ் எழுத்தும் இடது கையும்

எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பி எழுதுவது 6, 7 வயது வரை பல பிள்ளைகளிடம் காணப்படுவது. கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது கிண்ணம்தான் என்று மூன்றாண்டு பழகிய கண்ணுக்கு, எழுத்து மட்டும் அப்படி இல்லை என்று புரிய நாளாகும். பக்கத்தில் சரியான எழுத்தை எழுதிக் காட்டி, விரலால் தடவச் சொல்லுங்கள், போதும்.

எந்தக் கை என்பது 3 முதல் 6 வயதுக்குள் தானே தெளிவாகும். இடது கையால் எழுதினால் “நொட்டாங்கை” என்று கேலி பேசுவதும், கையை மாற்றிப் பிடிக்கவைப்பதும் வேண்டாம். தாளைச் சற்று வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, விளக்கு வலப்பக்கத்திலிருந்து விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் சொல்லித்தருமா?

எழுத்துப் பாட்டு வீடியோவைப் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டு பூரிக்கிறோம். அந்த வீடியோ பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாது, முகத்தைப் பார்த்து நிறுத்தாது. 2 முதல் 4 வயதுவரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள், பேசுங்கள். சோறு ஊட்டவும் தூங்கவைக்கவும் வேண்டாம். கதைக்கு உரிய நேரங்கள் அவை.

பள்ளி வற்புறுத்தினால்

“பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்கிறானே” என்ற மனச்சங்கடம் இயல்பானது. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 11 வயதை ஒட்டி இரு சாராரின் வாசிப்புத் திறனிலும் வேறுபாடு இல்லை. பின்லாந்தில் பிள்ளைகள் 7 வயதை எட்டும் ஆண்டில்தான் பள்ளியின் முதல் வகுப்புக்கே போகிறார்கள். இதைச் சொல்வது, ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள் என்பதற்காக அல்ல. தாமதமாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளில் பேச்சும் கதையும் விளையாட்டும் நிறையக் கிடைக்கவேண்டும். அதைக் கொடுப்பது நம் வேலை.

நம் மாநிலத்திலும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியபோது 1 முதல் 3ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கானதாக இருந்தது. பொருள் புரிந்து வாசிக்கும் திறனுக்கு அது வைத்த எல்லை 8 வயது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாதென்றால் எல்.கே.ஜி. பிள்ளைக்கு எதற்கு?

ஆசிரியையோடு சண்டைக்குப் போகவேண்டாம். பல நேரம், “என் பிள்ளைக்கு ஹோம்வொர்க்கே கொடுக்கலையே” என்று கேட்கும் பெற்றோருக்குப் பயந்தே பள்ளிகள் கொடுக்கின்றன. தனியாகப் பார்த்து, “மிஸ், இவளுக்குக் கை இன்னும் பழகல. ஒரு பக்கத்துக்குப் பதிலா மூணு எழுத்து எழுதட்டும், மிச்ச நேரம் நான் கதை வாசிக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் நிம்மதியோடு சம்மதிப்பார்கள்.

எப்போது கவலைப்படவேண்டும்?

எழுத்து வராததற்காக அல்ல, வேறு சிலவற்றுக்காகக் கவலைப்படவேண்டும். 4 வயதிலும் பிள்ளை பேசுவது வெளியாருக்குப் பெரும்பாலும் புரியாமல் இருப்பது, வாக்கியமாகப் பேசாதது, கூப்பிட்டால் திரும்பாதது, காதில் அடிக்கடி சீழ் வடிவது, புத்தகத்தையோ டிவியையோ முகத்தருகே வைத்துப் பார்ப்பது, 5 வயதில் “செருப்பை எடுத்து வெளியில வை” போன்ற இரண்டு செயல்கள் சேர்ந்த சொல் புரியாதது, கண்ணைப் பார்த்துப் பேசாதது ஆகியவை கவனிக்கவேண்டிய அடையாளங்கள். முன்பு வந்த பேச்சு நின்றுபோனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி 18 வயது வரை இந்தப் பரிசோதனைகள் இலவசம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ, அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ கேளுங்கள்.

டிஸ்லெக்ஸியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்ற சொல்லை இணையத்தில் படித்துவிட்டு வந்து 4 வயதுப் பிள்ளைக்குப் பெயர் சூட்டாதீர்கள். அதைப் பெரும்பாலும் 7, 8 வயதில், முறையாகக் கற்பித்தும் வாசிப்பு வராதபோதுதான் உறுதிசெய்வார்கள். குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் ஆசிரியையிடம் முன்பே சொல்லிவையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் அங்கீகரித்திருக்கிறது. உதவி கிடைக்கும், வழி இருக்கிறது.

ஒரு நாளுக்கு இவ்வளவு போதும்

காலையில் காலண்டர் தாள். பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் எழுத்து வேட்டை. மாலையில் மண்ணில் விளையாட்டு. அடுப்படியில் உரிக்கவும் உருட்டவும் ஏதாவது. படுக்கும்முன் 10 நிமிடம் ஒரு கதை. பிள்ளை தானாகச் சாக்பீஸை எடுத்தால் எழுதட்டும், எடுக்காவிட்டால் நாளைக்கு.

அந்த நான்கு வயதுப் பெண்ணின் தாய் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். பள்ளியில் பேசினார். மூன்று மாதம் ரவைத் தட்டும் கோலப்பொடியும் கதையுமாகக் கழிந்தன. ‘அ’ இன்னும் கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஒருநாள் மாலை, தெருமுனையில் நின்றபடி எதிர்க்கடைப் பலகையில் இருந்த ‘பட்டாணி’யில் முதல் மூன்று எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு, மிச்சத்தைக் கடைவாசலில் குவிந்திருந்த பட்டாணியைப் பார்த்து ஊகித்துச் சொன்னாள். அதற்குப் பெயர் வாசிப்பு.

எழுத்து ஓராண்டு தாமதமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் எழுத்தைக் கண்டாலே அழுகை வரும் என்று பிள்ளையின் மனம் பழகிவிட்டால், அதை மாற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் நான்காம் வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். ஆகவே பெற்றோர்களே, தாளில் ஓட்டை விழுவதற்குள் ரப்பரைக் கீழே வையுங்கள். பிள்ளையை மடியில் தூக்கி உட்காரவைத்து, இன்று காக்கா என்ன செய்தது என்று கேளுங்கள்.